புதுப்பிப்பு: மதிலை ஒட்டி எழும்பிய மேல்மாடி, கடைசியில் நடந்தது

யாழ்ப்பாணத்தில் பக்கத்து வளவுக்காரர் மதிலை ஒட்டி மேல்மாடி கட்டுகிறார், கூரைத் தண்ணீர் எங்கள் கிணற்றடியில் விழுகிறது, உள்ளூராட்சி சபைக்குச் சொல்லியும் அசைவில்லை என்று மாரிக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொன்ன அக்காவின் யோசனை. மேல்மாடிக்கு அனுமதி உண்டா, என் முறைப்பாடு என்ன ஆனது என்று இரண்டே கேள்விதான் எழுதிக் கொடுத்தேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம், அப்படியே சொன்னார்கள். அனுமதி கீழ்வீட்டுக்கு மட்டும்! அடுத்த கிழமையே தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்து மதிலிலிருந்து அளந்தார். வேலையை நிறுத்தச் சொல்லி எழுத்தில் அறிவித்தல் போனது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: அறிவித்தல் கொடுத்தவுடன் சபை தானாகப் போய் இடிக்க முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அறிவித்தலை மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை எடுக்க வேண்டும். எங்களுக்கு அதுவரை போகவில்லை. பக்கத்து வளவுக்காரரே தாழ்வாரத்தை வெட்டிப் பீலி போட்டார். மேல்மாடித் தூண்கள் கம்பி நீட்டியபடி அப்படியே நிற்கின்றன. திருத்திய பிளானுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். நேற்றைய மழையில் கிணற்றுக்கட்டு நனைந்தது வானத்துத் தண்ணீரால் மட்டும்தான்.