“நாங்கள் முதலீட்டாளர்கள்தானே?”: விசாரணைக் கடிதம் வந்தவர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த காலை. தபால்காரர் குடையைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, “சார், பதிவுத் தபால், ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போடுங்கள்” என்றார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து கடிதம். பதிவு பெறாமல் மனை விற்பனை முகவராகச் செயல்பட்டதாகப் புகார் வந்திருக்கிறது, எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. என்னோடு பணம் போட்ட மற்ற நான்கு பேருக்கும் அன்றும் மறுநாளுமாக அதே கடிதம் வந்து சேர்ந்தது. 33 ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் மின்வாரியத்தில் இருந்தவர், ஒருவர் சவூதியிலிருந்து திரும்பியவர், ஒருவர் உரக்கடைக்காரர். நான்குவழிச்சாலைக்கு மேற்கே ஒரு மனைப்பிரிவில் ஆளுக்கு இரண்டு மனை வாங்கினோம். அது முதல் கட்டம். நகர் ஊரமைப்பு அனுமதி, ஆணையத்தின் பதிவு எண், தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். பட்டாவும் எங்கள் பெயருக்கு மாறியது. அதுவரை எங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாம் கட்டம் போட்டபோதுதான் வினை தொடங்கியது. மனைப்பிரிவு போட்டவர் வீட்டுக்கே வந்தார். “அண்ணாச்சி, உங்களைப் போன்றவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள். நீங்கள் புரோக்கர் இல்லை, முதலீட்டாளர்கள். ஆளைக் கூட்டி வாருங்கள், மனைக்கு 20,000 ரூபாய் தருகிறேன்” என்றார். பதிவு எண் எங்கே என்று கேட்டேன். விண்ணப்பம் போட்டாயிற்று, இந்த மாதம் வந்துவிடும் என்றார். நம்பினேன். நம்ப வேண்டும் என்று நினைத்ததால் நம்பினேன் என்பதே சரி.

நான் 11 பேரைக் கூட்டிப்போனேன். அவர்களில் ஏழு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். உடைமரம் வெட்டிய செம்மண் தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருந்தது. வரிசையாக நின்ற பனையைக் காட்டி, “இதற்கு அந்தப் பக்கம்தான் 40 அடிச் சாலை வருகிறது” என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான். எனக்கு அப்படிச் சொன்னவர் மனைப்பிரிவுக்காரர். வரைபடத்தை நான் பார்க்கவே இல்லை.

விசாரணைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். வழியெல்லாம் ஐவரும் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டு போனோம்: “நாங்கள் முதலீட்டாளர்கள், எங்களுக்கு அங்கே சொந்த மனை இருக்கிறது, தெரிந்தவர்களிடம் சொன்னோம், அவ்வளவுதான்.” நான் போட்டுவைத்திருந்த கணக்கு நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். கணக்கு வாத்தியார் பழக்கம். யாரிடமிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று பென்சிலால் கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன். நேர்மையாக இருந்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று நினைத்தேன்.

அதிகாரி நோட்டை வாங்கினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “42-ஆம் எண் மனை. இது உங்களுடையதா?”

“இல்லை.”

“விற்றவர் நீங்களா?”

“இல்லை.”

“வாங்கியவரும் நீங்கள் இல்லை. அப்படியென்றால் இந்த 20,000 ரூபாய் எதற்காக வந்தது, ஐயா?”

குரலை உயர்த்தவில்லை. ஐயா என்றுதான் சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த பேச்சு அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோனது.

பிறகு சட்டத்தை வாசித்துப் பார்த்தேன். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, முகவர் யார் என்று சொல்கிறது. விற்பவரையும் வாங்குபவரையும் எந்த வழியிலாவது அறிமுகப்படுத்திவிட்டு அதற்குக் கூலியோ கமிஷனோ பெறுகிறவர் முகவர். பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறாரா, சொந்த மனை வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. 9-ஆம் பிரிவு, பதிவு பெறாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்கிறது. 10-ஆம் பிரிவு, பதிவாக வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதில் மனை விற்றுத்தரவே கூடாது என்கிறது. இரண்டும் எனக்குப் பொருந்தின.

தண்டத்தையும் கணக்குப் போட்டேன். 62-ஆம் பிரிவின்படி நாளுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம். 9 லட்சம் ரூபாய் மனைக்கு அது 45,000. ஐந்தே நாளில் அந்த எல்லை வந்துவிடும். ஒரு மனைக்கு நான் வாங்கிய கமிஷனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வள்ளியூர், பதிவு பெற்ற முகவர்:

ஆசிரியர் ஐயா, வெளிப்படையாக எழுதியதற்கு முதலில் கும்பிடு. இந்தத் தொழிலில் எனக்கு 19 வருடம். சட்டம் வந்த பிறகு கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொண்டேன். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். முகவருக்கு ஓர் எண் தருவார்கள். நான் முடித்துத்தருகிற ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும். கணக்குப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும்.

எனக்குள்ள ஆற்றாமையைச் சொல்லியே ஆக வேண்டும். பதிவு பெற்றவன் “இந்த மனைப்பிரிவுக்கு எண் வரவில்லை, காத்திருங்கள்” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவான். அவர் தெருமுனையில் ஒரு முதலீட்டாளரைப் பார்ப்பார். முதலீட்டாளர் கூட்டிப்போய் அட்வான்ஸ் கொடுக்கவைத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் அழுதுகொண்டு என் கடைக்கு வருவார். இது எத்தனை முறை நடந்திருக்கிறது!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு எல்லோரும் பயப்பட வேண்டாம். இந்தப் பதிவுக் கட்டாயம் சட்டத்துக்குள் வரும் திட்டங்களுக்குத்தான். ஒருவர் தன் பழைய வீட்டையோ வயலையோ இன்னொருவருக்கு விற்பதற்கு நடுவில் நிற்கும் ஊர்த் தரகர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். மனைப்பிரிவோ அடுக்குமாடியோ என்றால் வரும். நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் 12 சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். நம் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள், தப்பிக்க இடமே இல்லை.

மும்பை தாராவி, சொந்த ஊர் முக்கூடல் பக்கம்:

நான் வாங்கி ஏமாந்தவள். அதையும் இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

அத்தை மகன்தான் சொன்னார். “மைனி, நானே அங்கே மூன்று மனை வாங்கியிருக்கிறேன், முதலீடு போட்டவன் பொய் சொல்வேனா?” என்றார். என் கணவர் இட்லி வியாபாரத்தில் சேர்த்த காசு. நான்கு லட்சம் அனுப்பினோம். ஒப்பந்தம் கிடையாது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும். சித்திரைக்கு ஊருக்கு வந்தபோது மனையைப் பார்க்கப் போனோம். எங்களுக்குக் காட்டிய கல்லில் வேறொருவர் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். அதே எண், அதே மூலை. என் கணவர் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறதாம். வக்கீல் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அத்தை மகனுக்கும் தெரியாது என்றுதான் இன்றும் சொல்கிறார். தெரியாமலா கமிஷன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் பெயரும் இப்போது விசாரணையில் இருக்கிறது. குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அத்தை இறந்தபோதுகூட நாங்கள் தெருவோடு நின்றுவிட்டுத் திரும்பினோம்.

முக்கால்வாசிப் பணம் திரும்பிவிட்டது. ஆசிரியர் ஐயா, உங்கள் மாணவர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்களாக உங்களிடம் வரமாட்டார்கள், மரியாதை தடுக்கும்.

சேரன்மகாதேவி, ஆவண எழுத்தர்:

இன்னொரு வகை முதலீட்டாளரையும் நான் நிறையப் பார்க்கிறேன். விவசாயியிடம் இரண்டு ஏக்கருக்கு அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத் தவணையில் ஒப்பந்தம் போடுவார். தவணைக்குள் அதிக விலைக்கு ஆள் பிடித்து, விவசாயியை நேராக அந்த ஆளுக்கே கிரயம் எழுதிக்கொடுக்க வைப்பார். நடுவில் உள்ள லாபம் ரொக்கமாக இவர் கைக்கு. பத்திரத்தில் இவர் பெயர் இருக்காது.

சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது. ஆகவே ஒப்பந்தம் கையில் இருப்பதால் மட்டும் அவர் நிலத்துக்காரர் ஆகிவிட முடியாது. நமது மாநிலத்தில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் கட்டாயம். “பதிவு வேண்டாம் அண்ணாச்சி, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் போதும்” என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பதில்லை. வேறு மேசைக்குப் போகிறார்கள், போகட்டும். அந்த நிலம் நாளைக்கு மனைப்பிரிவாகி அதில் இவரே ஆள் சேர்த்துவிட்டால், ஆசிரியர் ஐயாவுக்கு வந்த கடிதம் இவருக்கும் வரும்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தாராவியிலிருந்து எழுதிய தங்கை சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி மானூர் பக்கம் போனேன். 42-ஆம் எண் மனைக்குப் பணம் கட்டிய மாணவன் அங்கே லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். 20,000 ரூபாயைக் கவரில் வைத்து நீட்டினேன். உன் மனைக்காக எனக்கு வந்த கமிஷன் இது என்று சொன்னேன். எனக்குக் கமிஷன் வந்ததே அவனுக்குத் தெரியாது. அவன் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஆறிப்போகும்வரை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் அவன் கேட்டான்: “சார், இந்தப் பணம் கிடக்கட்டும். அந்த மனைக்கு எண் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். “தெரியவில்லை” என்று அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மற்ற ஆறு மாணவர்களையும் பிறகு பார்த்தேன். ஒருவன் கதவைத் திறக்கவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். மின்வாரிய நண்பரும் தான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். சவூதி நண்பர் மட்டும், தண்டம் போட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்வேன், முதலீட்டாளர் என்றே வாதாடுவேன் என்கிறார். அது அவர் உரிமை. எங்கள் விசாரணை இன்னும் முடியவில்லை.

போன வாரம் ஐந்து மாணவர்களும் நானும் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூடினோம். மனைப்பிரிவுக்காரர் மேல் 31-ஆம் பிரிவின் கீழ் புகார் எழுதினோம். எழுத்து என்னுடையது. பணம் கைமாறியதற்கு என்ன ஆதாரம் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, ஆணையம் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்திருந்த என் நோட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடைப் பையன் பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்து நகல் எடுத்தான். ஒவ்வொரு தாளிலும் மேலே என் பெயர் இருந்தது.