சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்: மோட்டாரா, சுவிட்சா?

கேள்வி:
வணக்கம். 2009ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. வெயிலில் ஓட்டி நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. டேஷ்போர்டு விளக்குகள் மங்கவில்லை. ஐந்தாறு முறை திருப்பினால் கிளம்பிவிடுகிறது. பேட்டரி புதிது. பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். சோலினாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாரோடு இருக்கும் மின்காந்தச் சுவிட்ச்) வரும் மெல்லிய வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பிப் பார்த்தேன், வயரில் 12.4 வோல்ட் வருகிறது. அப்படியானால் மோட்டார்தான் போய்விட்டதா? அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி இது. அதுதான் கவலை.

பதில்:
அவசரப்பட்டு மோட்டாரை மாற்றாதீர்கள். கழற்றிய வயரில் மின்னோட்டம் ஓடாது. கருகிய தொடுமுனை வழியாகக்கூட மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். வயரை மாட்டுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், மற்றதைச் சோலினாய்டின் சிறிய முனையிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்புவதற்கு முன் 12 காட்டும், அதை விட்டுவிடுங்கள். திருப்பிப் பிடித்திருக்கும்போது அரை வோல்ட்டுக்குமேல் இருந்தால் பாதையில் எங்கோ மின்னழுத்தம் விழுகிறது. கோளாறு காட்டும் நேரத்தில், வண்டி சூடாக இருக்கும்போதே பாருங்கள்.

இன்னொருவர்:
எர்த்தையும் விட்டுவிட வேண்டாம். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே இதே சோதனை.

கேட்டவர்:
எர்த் பக்கம் 0.1. பாசிட்டிவ் பக்கம் 4.7 வோல்ட்!

பதில்:
சோலினாய்டுக்குப் போய்ச் சேருவது ஏழரை வோல்ட்தான். உள்ளிருக்கும் இரும்பு நகர்கிறது, முழுதாகப் போய் ஒட்டவில்லை. இனி ஸ்டீயரிங் அடியில், இக்னிஷன் சுவிட்சுக்குள் (சாவி திருப்பும் சுவிட்ச்) நுழையும் வயருக்கும், அதிலிருந்து சோலினாய்டுக்குப் போகும் ஸ்டார்ட் வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கினுடையது. அதில் மீட்டரை வைக்கவே கூடாது. எதையும் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திருங்கள்.

கேட்டவர்:
4.5 வோல்ட் சுவிட்சிலேயே விழுகிறது! கழற்றிப் பார்த்தேன். வெள்ளைக் கனெக்டரில் ஒரே ஒரு பின்னைச் சுற்றி மட்டும் வறுத்த நிலக்கடலைத் தோல் நிறத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தது. சாவிப் பூட்டு வேறு, பின்னாலிருக்கும் மின் பகுதி வேறு என்பதால் பழைய சாவியே போதும். சுவிட்சையும் கனெக்டரையும் மாற்றினேன். இப்போது மொத்த இழப்பு 0.3. வெயிலில் நிறுத்தி எட்டு முறை பார்த்துவிட்டேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. மிக்க நன்றி. இது மறுபடியும் கருகாமலிருக்க ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போடலாமா?

பதில்:
தாராளமாக. ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும். பழைய ஸ்டார்ட் வயரை 86க்கும், 85ஐ எர்த்துக்கும், 87ஐச் சோலினாய்டுக்கும் கொடுங்கள். 30க்குப் பேட்டரியிலிருந்து தனி வயர். அதற்கான ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சுவிட்ச் வழியாக ரிலேயின் சுருளுக்கு வேண்டிய சிறு மின்னோட்டம் மட்டுமே போகும். அம்மாவை நல்லபடியாக அழைத்துப்போய் வாருங்கள்.