அமெரிக்காவில் பி.ஈ. லைசென்ஸ்: முதலில் மாநிலம், அப்புறம் துறை

புதிதாக வந்த சிவில், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, பி.ஈ. (புரொஃபஷனல் என்ஜினியர், நம் ஊர் பி.ஈ. டிகிரி அல்ல) பரீட்சைக்கு என்ன படிக்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் எந்த மாநிலம், எந்தத் துறை என்று முடிவு செய்யுங்கள். வேலையைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்து மாறும்.

டிசைனில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கும் உரிமைதான் புரொஃபஷனல் என்ஜினியர் லைசென்ஸ். அதைத் தருவது மத்திய அரசு இல்லை, மாநில போர்டு. 1907-ல் வயோமிங் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. எஃப்.ஈ. (அடிப்படைப் பாடங்களுக்கான முதல் பரீட்சை), பி.ஈ. பரீட்சைகளை நாடு முழுவதும் என்.சி.இ.இ.எஸ். என்ற தேசிய அமைப்பு நடத்துகிறது. அதில் தேறினால் மட்டும் லைசென்ஸ் வந்துவிடாது. படிப்பு, அனுபவம் இரண்டையும் போர்டு பார்த்துத்தான் கொடுக்கும்.

டெக்ஸஸில் லைசென்ஸ் பொதுவானது. முத்திரையில் துறையின் பெயர் இருக்காது. அதற்காக மெக்கானிக்கல்காரர் பாலத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்று அர்த்தமில்லை. தனக்குத் தேர்ச்சி உள்ள வேலைக்குத்தான் முத்திரை வைக்கலாம். மீறினால் போர்டு நடவடிக்கை எடுக்கும்.

கலிஃபோர்னியா இதற்கு நேர்மாறு. சிவில், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் மூன்றுக்கும் தொழிலுக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, அதாவது லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலையையே செய்யக் கூடாது. கெமிக்கல், டிராஃபிக், ஃபயர் புரொடெக்‌ஷன் போன்ற துறைகளில் பட்டப்பெயருக்கு மட்டும்தான் பாதுகாப்பு, லைசென்ஸ் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். சிவில் என்றால் நில அதிர்வு, சர்வே என்று இன்னும் இரண்டு மாநிலப் பரீட்சைகள் எழுத வேண்டும். சிவில் லைசென்ஸ் வாங்கிய பிறகும் அரசுப் பள்ளிக்கூடம், மருத்துவமனைக் கட்டடங்களின் ஸ்ட்ரக்சுரல் டிசைனைத் தொட முடியாது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் தகுதி தனியாக வேண்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1928-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே செயின்ட் ஃப்ரான்சிஸ் அணை உடைந்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மறு வருஷமே சிவில் என்ஜினியர் சட்டம் வந்தது. டெக்ஸஸ் சட்டமும் 1937-ல் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் கேஸ் வெடித்துக் குழந்தைகள் செத்த பிறகு வந்ததுதான்.

சிகாகோ பக்கம் போகும் ஸ்ட்ரக்சுரல்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இல்லினாயில் கட்டட டிசைனுக்குப் பி.ஈ. போதாது, எஸ்.ஈ. (ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்) லைசென்ஸ் தனி.

அடுத்தது அனுபவம். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சம்பளத்தை மட்டும் பார்த்து வேலையில் சேர்ந்துவிடுகிறோம். மேலே இருப்பவருக்கு லைசென்ஸ் உண்டா, எந்தத் துறையில் என்று கேட்பதில்லை. இன்டர்வியூவிலேயே தயங்காமல் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாளைக்கு உங்கள் வேலைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் அவர்தான். செய்த வேலையை மாதாமாதம் எழுதிவையுங்கள். "ரீடெய்னிங் வால் டிசைனில் உதவினேன்" என்ற வரி போர்டிடம் எடுபடாது. "மண் அழுத்தம் கணக்கிட்டேன், சுவர் சறுக்குமா கவிழுமா என்று சரிபார்த்தேன், கம்பியின் அளவையும் இடைவெளியையும் முடிவு செய்தேன்" என்று எழுதுங்கள். முடிவெடுத்தது நீங்கள் என்று தெரிய வேண்டும்.

டிகிரி விஷயம். என்ஜினியரிங் டிகிரிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா சேர்ந்தது உண்மை. ஆனால் இந்தியாவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் டியர் 1 பிரிவில் வரும் படிப்புகளுக்குத்தான் அது பொருந்தும். அதையும் எல்லா மாநில போர்டும் ஏபெட் (அமெரிக்க அங்கீகார அமைப்பு) டிகிரிக்குச் சமமாக ஏற்பதில்லை. கலிஃபோர்னியா கேட்கும் ஆறு வருஷ அனுபவக் கணக்கில் ஏபெட் டிகிரிக்கு நாலு வருஷம் கழியும், மற்ற என்ஜினியரிங் டிகிரிக்கு இரண்டு வருஷம்தான். பல மாநிலங்கள் என்.சி.இ.இ.எஸ்.ஸிடம் டிகிரி மதிப்பீடு வாங்கச் சொல்லும். அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகப் போக வேண்டும், பாடத்திட்டமும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தங்கள் பேட்சுக்கு உரிய ரெகுலேஷன் சிலபஸை, 2013-ஆ 2017-ஆ என்று பார்த்து, இப்போதே எடுத்துவையுங்கள். ஊரில் அலைய ஆள் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்; சாஃப்ட்வேர் பி.ஈ. பரீட்சையையே 2019-ல் நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலைக்குள் பொருள் தயாரிப்பில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு. கன்சல்டிங், கட்டடம், சாலை, தண்ணீர், மின் விநியோகம் என்று பொதுமக்களுக்கான டிசைன் பக்கம் போகிறவர்களுக்குத்தான் இந்த லைசென்ஸ் இல்லாமல் மேலே ஏற முடியாது.

எஃப்.ஈ.யைத் தள்ளிப்போடாதீர்கள். 110 கேள்விகள், காலேஜ் பாடம்தான், அனுபவம் தேவையில்லை. பாடம் மறப்பதற்குள் எழுதிவிடுங்கள். பின்னால் மாநிலம் மாறும் எண்ணம் இருந்தால் என்.சி.இ.இ.எஸ். ரெக்கார்ட் ஒன்று திறந்து, மார்க், அனுபவம், சாட்சிக் கடிதம் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடுங்கள். போர்டுக்குப் போர்டு திரும்ப அனுப்பும் பாடு மிச்சம். ஆனால் டெக்ஸஸில் லைசென்ஸ் வாங்கிக் கலிஃபோர்னியா போகிற சிவில்காரர், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், நில அதிர்வு, சர்வே பரீட்சைகளை எழுதித்தான் ஆக வேண்டும்.