சுமோ மல்லர் அசாஷோர்யூவை ஏன் அனுப்பினார்கள்? 25 கோப்பை வென்றவர் 29 வயதில் வீட்டுக்குப் போன கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கார்த்தி_தஞ்சை:

வணக்கம். நான் சுமோவுக்குப் புதியவன். 2025 ஜனவரியில் ஹோஷோர்யூ யோகோசுனா (சுமோவின் உச்சப் பட்டம்) ஆனார் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு யூடியூபில் தேட ஆரம்பித்தேன். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மோதலாவது பார்க்காவிட்டால் தூக்கம் வருவதில்லை. வீட்டில் திட்டு வேறு.

ஹோஷோர்யூ யார் என்று பார்த்தால், அசாஷோர்யூவின் உடன்பிறந்தவருடைய மகனாம். சரி என்று பழைய வீடியோக்களுக்குப் போனேன். 184 செ.மீ. உயரம், கூட இருக்கிற மலைகளோடு ஒப்பிட்டால் பெரிய உடம்புகூட இல்லை. ஆனால் என்ன வேகம்! அப்புறம்தான் படித்தேன், 2010 பிப்ரவரி 4 அன்று ஓய்வு. அதற்குப் பதினோரு நாள் முன்னால்தான் 25ஆவது கோப்பையை வாங்கியிருக்கிறார். குடித்துவிட்டு யாரையோ அடித்தார் என்று எல்லா இடத்திலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா? இல்லை, மங்கோலியர் என்பதால் காத்திருந்து கழுத்தைப் பிடித்தார்களா?

பழையசோறு:

குடித்தார், அடித்தார், போனார். அடிபட்டவருக்கு மூக்கு உடைந்தது என்று செய்தி வந்தது. இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது? அந்த ஆள் முதல் நாளிலிருந்தே அப்படித்தான். 2003 ஜூலை நகோயா போட்டியில் இன்னொரு மங்கோலியரான கியோகுஷூசானின் குடுமியைப் பிடித்து இழுத்துத் தகுதி நீக்கம் ஆனார். ஒரு யோகோசுனா முடியை இழுத்துத் தோற்றது அதுவே முதல் தடவை. அதோடு விட்டாரா? குளியலறையில் அவரோடு கைகலப்பு, அப்புறம் அவர் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைப்பு. தெருச் சண்டைக்காரன்.

சங்கர்_நிஷிகசாய்:

கார்த்தி தம்பி, நான் 2003இல் வேலைக்காக டோக்கியோ வந்தவன். அசாஷோர்யூ யோகோசுனா ஆனதும் அந்த ஜனவரியில்தான். ஆகவே இவர் காலம் முழுவதையும் இங்கே இருந்தே பார்த்துவிட்டேன். அதிலும் பாதியை எங்கள் வீட்டுக்காரப் பாட்டியோடு பார்த்தேன். கீழ்த்தளத்தில் அவர், மேலே நான். பாஷோ, அதாவது பெரிய போட்டி, நடக்கிற பதினைந்து நாளும், விடுமுறையாக இருந்தால், நாலு மணிக்குக் கதவைத் தட்டுவார். தேநீர், அரிசி பிஸ்கட், என்எச்கே டிவி. ஆறு மணிக்குள் முடிந்துவிடும்.

பழையசோறு சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கிறது. முடியை இழுத்தவரை ஏன் இன்னும் ஏழு வருடம் வைத்திருந்தார்கள்?

ஏனென்றால் வேறு ஆள் இல்லை. மற்ற இரண்டு யோகோசுனாக்களில் 2003 ஜனவரியில் தகானோஹானா ஓய்வு, நவம்பரில் முசாஷிமாரு ஓய்வு. 2004 தொடங்கி 2007 மே வரை, 21 பாஷோ, மேலே இருந்தது இவர் ஒருவர்தான். 2005இல் ஆறு பாஷோவையும் இவரே வென்றார். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்த வருடம் 90 மோதலில் 84 வெற்றி. டிக்கெட் விற்றது இவரால். வைதுகொண்டே பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே வைதார்கள். எங்கள் பாட்டி இவர் தோற்றால் கைதட்டுவார். 'அந்தப் பையன்' என்றுதான் சொல்வார், பெயரைச் சொல்லவே மாட்டார். ஆனால் அந்தப் பையன் மேடையேறும்போது மட்டும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

மோதலுக்கு முன் மேடையில் தூவுகிற அந்தக் கடைசி உப்பை எடுக்கப் போகும்போது செய்வாரே, வீடியோவில் கவனித்திருப்பாய். முதுகைக் காட்டித் திரும்பி, இடது கையை வீசி, இடுப்புத் துணியான மவாஷியில் 'பட்' என்று ஓர் அடி. டோக்கியோ சுமோ அரங்கமான கொகுகிகானில் மாடியின் பின்வரிசை வரைக்கும் கேட்கும். எனக்கு இன்றைக்கும் சுமோ என்றால் அந்தச் சத்தம்தான்.

அவருக்கு இடது கைப் பழக்கம். ஜெயித்தவர் நடுவர் நீட்டும் பரிசு உறையை வாங்கும் முன் காற்றில் கையால் மூன்று வெட்டு வெட்டுவது முறை, அதை வலது கையால் செய்ய வேண்டும். இவர் இடது கையால் வெட்டி வாங்கினார். அதற்கு ஒரு பெரிய ரகளை. இடது கையால் காசு வாங்காதே என்று அடி வாங்கி வளர்ந்த எனக்கு அந்தக் கோபம் சட்டென்று புரிந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு வலது கைக்கு மாறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருத்திக்கொள்ளவே தெரியாதவர் இல்லை.

முதல் பெரிய அடி 2007 ஜூலை. நகோயாவில் 21ஆவது கோப்பை. அதன் பிறகு ஊர் ஊராகப் போகிற கோடைச் சுற்றுப்பயணம் உண்டு. முழங்கை, கீழ்முதுகு என்று மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டு மங்கோலியா போனார். போனவர் அங்கே, ஓய்வு பெற்ற கால்பந்து வீரர் நகாதாவோடு ஒரு நற்பணி ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார். படம் டிவியில் வந்துவிட்டது. முதுகு வலிக்காரர் துள்ளிக் குதிக்கிறார்! இரண்டு பாஷோ தடை, நான்கு மாதம் சம்பளத்தில் 30 சதவீதம் வெட்டு, வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. இப்படித் தடை வாங்கிய முதல் யோகோசுனா இவர்தான். மனநிலை கெட்டுப்போய், கடைசியில் சிகிச்சைக்கு ஊருக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தச் செப்டம்பரில் பாட்டி என்னைக் கூப்பிடவே இல்லை. கேட்டேன். 'உப்பில்லாத மிசோ சூப் மாதிரி இருக்கிறது' என்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பட்டது இது. யோகோசுனாவுக்கு அடுத்த படியான ஓசெகி வரைக்கும் எந்த மல்லரையும் கீழே இறக்கலாம். ஓசெகியே இரண்டு பாஷோ தொடர்ந்து பாதிக்குமேல் தோற்றால் இறங்க வேண்டியதுதான். யோகோசுனாவுக்கு இறங்கும் படி கிடையாது. இருந்தால் மேலே, இல்லாவிட்டால் வெளியே. சுமோ சங்கத்தின் கையில் இருந்தது சம்பள வெட்டும் தடையும்தான். அந்த இரண்டையும் 2007இல் கால்பந்துக்கே செலவழித்துவிட்டார்கள். ஆகவே 2010 ஜனவரி 16 விடியற்காலை டோக்கியோவின் நிஷி அசாபுவில் அந்த அடி விழுந்தபோது, மிச்சம் இருந்தது வாசல் மட்டும்தான்.

அது பாஷோவின் ஏழாவது நாள். முதலில் அடிபட்டது அவருடைய மேலாளர் என்று சொன்னார்கள், பிறகு வேறு ஆள் என்று தெரிந்தது. அந்தப் பொய்தான் அடியைவிடப் பெரிதாகிவிட்டது என்பேன். நடுவில் 13 வெற்றி, 2 தோல்வி என்று கோப்பையையும் வாங்கிவிட்டார். யோகோசுனா ஆலோசனைக் குழு ஓய்வு பெறும்படி பரிந்துரை எழுதியது, அன்றைக்கே இவர் விலகிவிட்டார்.

மீனாட்சி_79:

சங்கர் அண்ணா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் 'மங்கோலியர் என்பதால்' என்ற பகுதியை லேசாகத் தாண்டிவிட்டீர்கள். 1992இல் ஹவாய்க்காரர் கொனிஷிகி முந்தைய நவம்பர், அந்த மார்ச் என்று இரண்டு கோப்பை வாங்கியும் யோகோசுனா பட்டம் தரவில்லையே. அப்போதே இந்தப் பேச்சு எழுந்ததே?

சங்கர்_நிஷிகசாய்:

நியாயமான கேள்வி மீனாட்சி. கொனிஷிகி விஷயத்தில் மனக்கசப்பு இருந்தது உண்மை. ஆனால் அடுத்த ஜனவரியிலேயே இன்னொரு ஹவாய்க்காரர் அகேபோனோவுக்குக் கொடுத்தார்கள். பிறகு முசாஷிமாரு, மூன்றாவதாக அசாஷோர்யூ. கதவு திறந்திருந்தது, வாசற்படி மட்டும் உயரம்.

ஜப்பானியரும் இதே வழியில் போயிருக்கிறார். 1987 கடைசியில் ஃபுதாஹாகுரோ, 60ஆவது யோகோசுனா. குருவோடு சண்டை போட்டுவிட்டு ஹெயாவை, அதாவது பயிற்சிக்கூடத்தை, விட்டே கிளம்பிவிட்டார். ஒரு கோப்பைகூட வாங்காமல் போன யோகோசுனா. ஆக, பிறந்த ஊர் மட்டும் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளிநாட்டவர் என்பது வேறொரு இடத்தில் வேலை செய்தது. அதே தவறை உள்ளூர்ப் பிள்ளை செய்தால் 'கெட்டுப்போனான்' என்பார்கள், இவர் செய்தால் 'புரியவில்லை' என்றார்கள். பத்திரிகைகளில் 'ஹின்காகு' என்ற சொல் அந்த வருடங்களில் தேய்ந்தே போய்விட்டது. கண்ணியம், பெருந்தன்மை, அடக்கம் எல்லாம் கலந்த ஒன்று. ஜெயித்தபின் கையைத் தூக்கினால் போய்விடும்.

குருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகாசாகோ ஹெயாவின் தலைவர், முன்னாள் ஓசெகி அசாஷியோ. நல்ல மனிதர், எல்லோருக்கும் பிடித்தவர். அவர் வாழ்நாளில் வாங்கியது ஒரே கோப்பை, 1985இல். 25 வாங்கிய சிஷ்யனை ஒரு கோப்பைக்காரர் எப்படி அதட்டுவார்?

இன்னொன்று. கோச்சி மாகாணத்து மெய்தோகு கிஜுகு பள்ளிக்கு மங்கோலியாவிலிருந்து வந்து படித்த இன்னொரு பையன் அசாசெகிர்யூ. அதே பள்ளி, அதே ஹெயா. ஓசெகிக்குக் கீழ்ப்படியான செகிவாகேவுக்கு மேல் போகவில்லை. ஜப்பானியக் குடியுரிமை வாங்கினார், அதனால் ஓய்வுக்குப் பின் சங்கத்தில் மூத்தவர் ஆக முடிந்தது. இன்றைக்குத் தகாசாகோ ஹெயாவுக்கே அவர்தான் தலைவர். அசாஷோர்யூ குடியுரிமையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே அடிதடி நடக்காவிட்டாலும் ஒருநாள் அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருப்பார்.

பழையசோறு:

சரி, தெருச் சண்டைக்காரன் என்று நான் சொன்னதை முக்கால்வாசி வைத்துக்கொள்கிறேன்.

கார்த்தி_தஞ்சை:

ரொம்ப நன்றி அண்ணா. ஒரே ஒரு மோதல் பார்க்க வேண்டும் என்றால் எது?

சங்கர்_நிஷிகசாய்:

2009 செப்டம்பர் 27, கடைசி நாள். அன்றைக்கு அசாஷோர்யூவுக்கு 29ஆவது பிறந்தநாள். அலுவலகத்தில் ஒருவருக்கு வர முடியாமல் போனதால் அவருடைய மாடி இருக்கை எனக்குக் கிடைத்தது. அதுவரை தோற்காமல் வந்தவர், வழக்கமான மோதலில் இன்னொரு யோகோசுனா ஹகுஹோவிடம் தோற்றார். இருவரும் 14க்கு 1. சில நிமிடங்களில் மறுபடி இருவரும் மேடையில். இந்தத் தடவை அவர் வென்று, 24ஆவது கோப்பை, பழைய யோகோசுனா கிதானோஉமியோடு சமன். வென்ற கையோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார், கூட்டம் எழுந்துவிட்டது. ஜனவரியிலும் இப்படிச் செய்துதான் திட்டு வாங்கியிருந்தார். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் 'ச்சே' என்றார். அவருடைய கையும் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

வீடு திரும்பியபோது பாட்டி வாசலிலேயே நின்றிருந்தார். 'கையைத் தூக்கினானா? டிவியில் கூட்டம் மறைத்துவிட்டது' என்று கேட்டார். தூக்கினான் என்றேன். 'தெரியும்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.