தீ விபத்து நடக்கிற இடத்தில் யார் சொல்வதைக் கேட்பது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பழைய பிராஞ்ச்காரன்:
பிளாஸ்டிக் குடோன் தீ. மூன்று நிலைய வண்டிகள் வந்துவிட்டன. முன் ஷட்டர் வழியாக நானும் இன்னொருவரும் ஹோஸோடு உள்ளே போனோம். பத்தடி போயிருப்போம், எதிர்ப்பக்கமிருந்து புகையும் கொதிநீராவியும் ஒரே வீச்சில் முகத்தில் அடித்தது. வேறு நிலையத்துக்காரர்கள் பின் ஜன்னலை உடைத்துத் தண்ணீரை ஜெட்டாக அடித்திருக்கிறார்கள். நாங்கள் உள்ளே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அலுவலர் "பின்னாடி போங்க" என்றார், எங்கள் அலுவலர் "உள்ளே போங்க" என்றார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான உத்தரவு. கூட வந்தவருக்குக் காதுமடல் வெந்துவிட்டது. வெளியே வந்தால், கேட்டருகே நின்று எந்த வண்டி எங்கே நிற்கணும் என்று கைகாட்டிக்கொண்டிருந்தவர் குடோன் முதலாளியின் மைத்துனர்!

தாலுகா ஆபீஸ்:
இதற்குத்தான் ஐ.ஆர்.எஸ். (இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்: விபத்து இடத்தில் யாருக்கு என்ன பொறுப்பு என்று வகுத்த முறை). தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. எங்கள் மாவட்ட ஒத்திகையில், முதுகில் பொறுப்பு எழுதிய ஜாக்கெட்டை ஆளுக்கொன்று மாட்டிவிட்டார்கள். பெரிய அதிகாரியின் கார் வந்ததும் ஜாக்கெட் போட்ட அத்தனை பேரும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "ரெண்டு வண்டி காத்திருக்கு, எங்கே அனுப்ப?" என்று வயர்லெஸ் கத்திக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. ஜாக்கெட்டெல்லாம் போட்டோவுக்குத்தான்.

சிங்கை என்.எஸ்.:
ஜாக்கெட்டை ஏன் திட்டுகிறீர்கள்? குடோனில் இல்லாமல் போனது ஒரு பலகை. மூச்சுக்கருவி மாட்டி உள்ளே போகிறவர் தன் பெயர் டேக்கை வாசலில் கொடுக்கணும். பெயர், சிலிண்டர் அழுத்தம், போன நேரம் எல்லாம் பலகையில் ஏறும். சிங்கப்பூர் தேசிய சேவைப் பயிற்சியில் சார்ஜென்ட் பின்னாலிருந்து "போ போ" என்று கத்த, பலகைக்காரர் என் நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிட்டார். டேக் கொடுத்த பிறகுதான் விட்டார். சார்ஜென்ட் வாயே திறக்கவில்லை.

ஃபயர் சேஃப்டி கன்சல்டன்ட்:
எனக்கு ஒரு ஓட்டல் சமையலறைத் தீ மட்டும்தான், சின்னது. ஆனால் சில விஷயம் சொல்லணும். 1970இல் தெற்கு கலிபோர்னியாவில் 13 நாள் எரிந்து 16 பேர் செத்த பிறகு உருவான இன்சிடென்ட் கமாண்ட் முறைதான் இந்த ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு மூலம். ஆளில்லாமல் அல்ல, பல துறை ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததால் வந்த பாடம். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி. ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் போதும், ஏழு பேரைத் தாண்டக்கூடாது. முதலில் வந்து சேர்பவர்தான் கமாண்டர். அதை வயர்லெஸ்ஸில் உரக்கச் சொல்லணும். பின்னால் வரும் வண்டிகள் தள்ளி நிற்கணும், கூப்பிட்டால்தான் வரணும். சங்கேத எண் வேண்டாம், சாதாரணப் பேச்சே போதும். சீனியர் வந்தாலும், நிலைமையைக் கேட்டு முறையாகப் பொறுப்பை வாங்கும்வரை முதல் ஆள்தான் கமாண்டர். இதை ஒவ்வொரு நிலையமும் மாதம் ஒருமுறையாவது...

பழைய பிராஞ்ச்காரன்:
சார், அன்றைக்கு இரண்டாவதாக வந்தவர்தான் சீனியர். "நான்தான் கமாண்டர், நீங்க தள்ளி நில்லுங்க" என்று அவரிடம் யார் சொல்வது? அறிக்கையில் இரண்டு பேர் பெயரும் "தலைமையில்" என்றுதான் வந்தது.