சனுகி உடோனும் ஆஸ்திரேலியக் கோதுமையும்

கடலோடி:
"ஜப்பானின் ஷிகோகு தீவில் கோடைக்கு என்ன இருக்கிறது? இசை என்றால் ஃபுஜி ராக், சாப்பாடு என்றால் ஒசாகா" என்று பயணப்பை நேற்று எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தீவின் ககாவா மாகாணத்தில் 2000-இல் தொடங்கிய மான்ஸ்டர் பாஷ் ராக் விழா தெரியுமா? ஆகஸ்டு வெயிலில் மன்னோ பூங்காப் புல்வெளியில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அன்று காலை ஒரு சின்னக் கடையில் குளிர்ந்த நீரில் அலசிய உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் சாப்பிட்டேன். மேலே துருவிய இஞ்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் கெட்டிச் சாறு. கடித்தால் பல்லோடு மல்லுக்கு நிற்கும். அந்தத் தெம்பில்தான் இரவு வரை நின்றேன்.

பயணப்பை:
விழா இருக்கட்டும். அந்த மாவு ஆஸ்திரேலியக் கோதுமை. பெயர் மட்டும்தான் சனுகி, ககாவாவின் பழைய பெயர்.

கடலோடி:
கோதுமையிலேயே நிற்காதீர்கள் ஐயா. சாற்றின் உயிர் இபுகி தீவின் நெத்திலிக் கருவாடு. மழை குறைந்த மண் ககாவா. நெல்லுக்கு ஏரி, குளங்களை நம்பி வாழ்ந்தார்கள். மன்னோ ஏரியை 821-இல் சீரமைத்தவர் கூகாய் என்ற துறவி. கோதுமை அங்கே வேரூன்றியதும் அந்த வறட்சியால்தான். மாவைக் காலால் மிதித்துப் பிசையும் பக்குவத்தையும் ஆஸ்திரேலியாவா அனுப்பியது?

பயணப்பை:
கேட்டது கோதுமை. ஆஸ்திரேலியாவா, இல்லையா?

கடலோடி:
பெரும்பாலும் அதுதான், அதனால் என்ன? 'சனுகி நோ யுமே' என்று ககாவா மாகாணமே தனி ரகம் உருவாக்கியிருக்கிறது. அதில் செய்யும் கடைகளும் உண்டு.

அவல்பொரி:
ககாவாவை விட்டு நகரவே மாட்டீர்களா? பக்கத்து மாகாணமான தொகுஷிமாவில் ஆகஸ்டு நடுவில் ஆவா ஒதோரி விழா. ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், புல்லாங்குழல், மேளம் என்று தெருவே அதிரும். அப்புறம் பன்றி இறைச்சியும் பச்சை முட்டையும் போட்ட ராமென் நூடுல்ஸ். அதே தீவின் கொச்சி மாகாணத்தில் 1954 முதல் யோசகோய் விழா.

கடலோடி:
தம்பி, அவை நடன விழாக்கள். பேச்சு இசை விழாவைப் பற்றி.

அவல்பொரி:
ஷாமிசென் இசை இல்லையா? போன மாதம் ராமென் பேச்சிலும் இப்படித்தான் என்னை ஓரங்கட்டினீர்கள், மறக்கவில்லை.

பயணப்பை:
ஆக, ஆஸ்திரேலியக் கோதுமைதான்.

கடலோடி:
சாற்றை ஒரு வாய் குடித்திருக்கிறீர்களா? அதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த நெத்திலி எந்தக் கடலில் பிடித்தது?

பயணப்பை:
நெத்திலியில் யார் உடோன் திரட்டுகிறார்கள்? நான் கேட்டது மாவு.