டிஸ்னி வேர்ல்டுக்கு முதல் தடவை: பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போனவர்களின் அனுபவங்கள்

சார்லட், வட கரோலினாவிலிருந்து

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும் சமயத்தில்தான் அமெரிக்காவில் இருக்கும் நம்மில் நிறையப் பேர் முதல் தடவையாக ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களுக்குக் கிளம்புகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், எட்டு வயது மகள், இன்னும் மூன்று வயது நிறையாத மகன். திட்டம் போடுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். எந்த ரைடு (சவாரி) பேர்போனது என்று தேடுவதற்கு முன்னால், வீட்டில் ஒவ்வொருவரிடமும் "உனக்கு அங்கே என்ன பார்க்கணும்?" என்று கேளுங்கள். முக்கியமாகப் பெரியவர்களிடம் கேளுங்கள். "எங்களுக்கு என்னப்பா, புள்ளைங்க பார்த்தா போதும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த இடத்தின் அளவு அப்படி. 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவோடு திறந்தார்கள். 1982-ல் எப்காட், 1989-ல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எனப்படும் பூங்கா, 1998-ல் அனிமல் கிங்டம். இது போக இரண்டு நீர்ப் பூங்காக்கள், கடைத்தெரு, தங்கும் விடுதிகள். மொத்த நிலம் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். சான் ஃபிரான்சிஸ்கோ நகரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் யாருக்குமே எதுவும் நிறைவாக இருக்காது. ஆளுக்கு ஒன்று என்று முதலில் உறுதி செய்துகொண்டு, மீதியைக் கிடைத்தவரை பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

என் மாமனார் கும்பகோணத்துப் பக்கம் நெல்லும் வாழையும் போட்டவர். அவருக்கு ஏற்றதாக என்ன இருக்கிறது என்று தேடியபோது கிடைத்ததுதான் எப்காட்டில் உள்ள லிவிங் வித் தி லேண்ட். மெதுவாகப் போகும் படகு, உயரக் கட்டுப்பாடு கிடையாது, குலுக்கல் கிடையாது. கொஞ்ச தூரம் இருட்டில் போய், அப்புறம் நிஜமான கண்ணாடிப் பசுமைக் குடில்களுக்குள் நுழைகிறது. தக்காளி, கத்தரி, வாழை, பலா எல்லாம் காய்த்துக் கிடக்கின்றன. சில செடிகளின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது. மீன் வளர்க்கும் தொட்டிகளும் உண்டு. அங்கே விளைவதை அங்குள்ள உணவகங்களிலேயே சமைக்கிறார்கள்.

படகு நகர நகர மாமா என் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். "ஏம்மா, மண்ணே இல்லாம வேர் எப்படிப் பிடிச்சு நிக்குது?"

"தண்ணியிலயே சத்து கலந்து வேருக்கு விடுறாங்க மாமா."

"அப்ப களை எடுக்கிற வேலையே இல்லையே!"

இறங்கியதும் இன்னொரு தடவை போகலாமா என்று அவரே கேட்டார். வரிசை குறைவாக இருந்ததால் உடனே ஏறிவிட்டோம். பசுமைக் குடிலுக்குள் நடந்தே போய்ப் பார்க்கும் வழிகாட்டிச் சுற்றுலாவும் உண்டு. தனிக் கட்டணம். விவசாயம் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் அதை முன்பதிவு செய்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பியபின் மாமா தன் கூட்டாளிகளிடம் மேஜிக் கிங்டமின் பேர்போன சிண்டரெல்லா கோட்டையைப் பற்றிப் பேசவில்லை, அந்தக் கத்தரிச் செடிகளைப் பற்றித்தான் பேசினாராம்.

அத்தை கேட்டது மேஜிக் கிங்டமின் இரவு வாணவேடிக்கை. அவருக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்றபோது "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று மறுத்தார். மேஜிக் கிங்டமின் கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. காரை விட்டுவிட்டு, ஏரியைக் கடக்கப் படகோ மோனோரயிலோ பிடிக்க வேண்டும். அதற்கே கணிசமான நேரம் போகும், திட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்குள் வந்து, அத்தை வயதில் எத்தனையோ பேர் நாற்காலியில் உற்சாகமாகப் போவதைப் பார்த்ததும் அவரே சம்மதித்தார். உள்ளே நுழைந்ததும் வாடகைக்குக் கிடைக்கிறது. அன்று அவர் உட்கார்ந்து வந்ததால்தான் இரவு வரைக்கும் தெம்போடு இருந்தார். முதல் தடவை வருகிறவர்களுக்கு இலவசமாக ஒரு வட்ட பேட்ஜ் தருவார்கள். அதைச் சேலையில் குத்திக்கொண்டார். வழியெல்லாம் பணியாளர்கள் அதைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்கள். அவரும் ஒருவரைக்கூட விடாமல் கைகூப்பிப் பதில் வணக்கம் சொன்னார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பாடு பற்றி. வெளிச்சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, குளிர்ப்பெட்டியில் உதிரி ஐஸ் கூடாது. விடுதி அறையில் குளிர்சாதனப் பெட்டி இருந்ததால் புளியோதரையும் தயிர்சாதமும் எங்களோடு வந்தன. குடிக்க ஐஸ் தண்ணீர், கவுண்டர் உணவகங்களில் கேட்டால் காசில்லாமல் கொடுப்பார்கள். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் உள்ள சனாவை மனதார சிபாரிசு செய்கிறேன். ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகள் கலந்த உணவகம். நான் ரொட்டி வகைகளோடு ஒரு வரிசை சட்னியும் தொக்கும் வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். இது பூங்காவுக்கு வெளியே இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. உணவக முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கும்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. மூன்று வயதுக்குள் இலவசம், 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனால் பெரியவர் கட்டணம். தேதியைப் பொறுத்து விலை மாறும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கூட்டமும் விலையும் உச்சம். வரிசையைத் தவிர்க்கும் லைட்னிங் லேன் வசதிக்கு, டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் பதிவு செய்யலாம். பெரியவர்கள் விரும்பும் படகுச் சவாரிகளுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. மகள் கேட்ட ரைடுக்காக ஒரு நாள் மட்டும் வாங்கினோம்.

மதியம் அறைக்குத் திரும்பிவிட்டு மாலையில் மறுபடி போனோம். காசு கொடுத்து வாங்கிய நேரத்தைத் தூங்கிக் கழிப்பதா என்று வீட்டுக்காரருக்கு முதலில் மனசே வரவில்லை. சாயங்காலம் ஆறு பேரும் சிரித்த முகமாகக் கிளம்பியதைப் பார்த்தபின் அவரே "மணி ஒண்ணாச்சு, கிளம்பலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

டாம்பா, ஃப்ளோரிடாவிலிருந்து

சகோதரி சொன்ன மதிய ஓய்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியும் மழையும் ஏறக்குறைய தினசரி வழக்கம். மின்னல் பக்கத்தில் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். விடுதிகளிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் வரும் ஸ்கைலைனர் கம்பிவட ஊர்தியும் நிற்கும், அப்போது பேருந்துதான்.

என் தங்கை குடும்பம் மதுரையிலிருந்து வந்திருந்தபோது மேஜிக் கிங்டமில் இடி பிடித்துக்கொண்டது. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. நான் அவர்களை கேரௌசல் ஆஃப் பிராக்ரஸ் அரங்குக்குள் கூட்டிப்போனேன். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. மேடை அப்படியே நிற்க, நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கைகள் சுற்றுகின்றன. ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் மின்விளக்கும் புதுப்புதுச் சாமான்களும் வருவதை ஒவ்வொரு காலமாகக் காட்டுகிறார்கள். தங்கையின் மாமியார், தன் வீட்டுக்கு மின்சாரம் வந்த நாளைப் பற்றிப் பேரன்களிடம் அங்கேயே சொல்ல ஆரம்பித்தார். பையன்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது, பாதிக் கூட்டமும் போயிருந்தது. மழைக்கோட்டை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். மழை வந்தவுடன் அறைக்குக் கிளம்பிவிடாதீர்கள். தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமானால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் கூட்டம் குறைவு, இங்கே பள்ளிகள் அதற்குள் திறந்துவிடும். புயல் காலமும் அதுவே என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து

கைக்குழந்தையோடு போகத் தயங்கும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன். தயங்காதீர்கள். நான்கு பூங்காக்களிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் உண்டு. பாலூட்டத் தனி அறை, துணி மாற்ற மேசை, சாப்பாடு சூடாக்க மைக்ரோவேவ் எல்லாம் இருக்கும். நான் வீட்டில் அரைத்த சத்துமாவை எடுத்துப்போய் அங்கேதான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் குழந்தையை வைத்திருந்த ஒரு பிரேசில் நாட்டுப் பெண் அது என்னவென்று கேட்டாள். கேழ்வரகு, பொட்டுக்கடலை என்று சொல்லத் தெரிந்தவரை சொன்னேன். ஊரிலிருந்து தன் அம்மா அனுப்பும் மாவும் இதே வாசனைதான் என்றாள். மொழி சரியாகத் தெரியாமலே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ரைடர் ஸ்விட்ச் என்று வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறி வரலாம். வந்தபின் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். என் பெரியவள் முதலில் அப்பாவோடும் அப்புறம் என்னோடும் ஏறினாள். அன்றைக்கு அவள் கால் தரையில் நிற்கவில்லை.

டாலஸ், டெக்சாஸிலிருந்து

சில ரைடுகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் வேண்டும், அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லையே. புறப்படுவதற்கு முன்பே பிள்ளையை அளந்துவிடுங்கள். ஸ்பேஸ் மவுண்டனுக்கும் எக்ஸ்பிடிஷன் எவரெஸ்ட்டுக்கும் 112 செ.மீ., டவர் ஆஃப் டெரருக்கு 102, செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கும் ஸ்லிங்கி டாக் டாஷுக்கும் 97, டிரானுக்கு 122. என் மகன் 112-க்குக் கொஞ்சம் கீழே. வீட்டிலேயே சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இந்தக் கோட்டுக்கு மேலே உள்ளது அடுத்த தடவை, கீழே உள்ளதெல்லாம் இந்தத் தடவை என்று அவனிடமே பட்டியல் எழுதச் சொன்னேன். அங்கே ஒரு வாசலில் இவன் வயதுப் பையனை அளந்து திருப்பி அனுப்பினார்கள், அவன் தேம்பித் தேம்பி அழுதான். என் மகன் அவனருகே போய் தன் பட்டியலை நீட்டி "இதுல எல்லாம் நீ போகலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்தப் பையனின் அப்பா பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டார்.

சார்லட்டிலிருந்து, மறுபடியும்

விமானத்தில் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். முன்பு போனவர்கள் யாராவது "விமான நிலையத்திலிருந்து டிஸ்னியே இலவசமாகப் பேருந்து விடும்" என்று சொன்னால், அந்தச் சேவை 2022 ஜனவரியில் நின்றுவிட்டது. இப்போது தனியார் பேருந்து, வாடகை வண்டி, அல்லது வாடகைக் கார்தான். பெரியவர்களும் குழந்தைத் தள்ளுவண்டியும் பெட்டிகளும் சேர்ந்தால் கார்தான் சௌகரியம். டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்களுக்கு விடுதியிலும் பூங்காக்களிலும் கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. குழந்தைக்கான கார் இருக்கையை வாடகை நிறுவனத்தை நம்பி விடாமல் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், விமானத்தில் அதற்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.